இருக்கின்றீரா, போகின்றீரா?



பிறந்த ஊரை விட்டு வந்து பிழைப்பவருக்கு இரண்டு கேள்விகள் நன்கு பழக்கமானவை. விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்றால், “திரும்ப எப்போது போகிறாய்?” என்று கேட்பார்கள். வேலை பார்க்கும் ஊரில், “எத்தனை காலம் இங்கே இருப்பாய்?” என்று கேட்பார்கள். முதற்கேள்வியைக் கேட்பவர் உறவினர். அதற்கு எந்த விடை கூறினும் கேடில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்பவரோ சம்பளம் கொடுப்பவர். அதற்கு வாய் திறக்குமுன் யாவரும் ஒரு கணம் தயங்குவர். அந்தத் தயக்கத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முன்பெல்லாம் ஒருவர் வேலையை விட்டு விலகும்போதுதான், “ஏன் போகின்றீர்?” என்று மேலாளர் கேட்பது வழக்கம். போகிறவரிடம் கேட்டு என்ன பயன், இருக்கிறவரிடமே கேட்டால் என்ன என்னும் எண்ணம் பிற்காலத்தில் எழுந்தது. அவ்வாறு பிறந்த முறையை ஆங்கிலத்தில் ‘ஸ்டே இன்டர்வியூ’ என்கிறார்கள். தமிழில் தக்கவைப்பு நேர்காணல் என்று கூறலாம். மேலாளர் ஊழியரைத் தனியே அமர்த்தி, “இந்த வேலையில் உமக்குப் பிடித்தது எது? பிடிக்காதது எது? நீர் விலகிப் போவதானால் எதற்காகப் போவீர்? உம்மை இங்கே இருத்த நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பதே அதன் சாரம். பெரிய தொழிற்சாலைகளிலும் கணினி அலுவலகங்களிலும் தொடங்கிய இவ்வழக்கம், தங்கும் விடுதி, மருத்துவமனை, ஏற்றுமதி அலுவலகம் என்று மற்ற இடங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்விகள் நல்லவைதாம். எனினும் கேட்கப்பட்டவர் மனத்தில் உடனே எழுவது மகிழ்ச்சியன்று, ஐயமே. “இவர் ஏன் திடீரென்று கேட்கிறார்? நான் வேறிடம் தேடுவதாக யாரேனும் சொல்லிவிட்டார்களா? மனத்திலுள்ளதைச் சொன்னால் எனக்கு எதிராகவே அது திரும்புமா? ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்று தயாராகிறதோ?” என்று பலவாறு எண்ணுகிறார். இறுதியில், “எல்லாம் நன்றாகவே இருக்கிறது, ஐயா” என்று கூறி எழுந்து விடுகிறார். மேலாளர் அதனை ஏட்டில் குறித்துக்கொள்கிறார். இருவரும் ஒருவரையொருவர் நம்பாமலே அந்த நேர்காணல் முடிகிறது.

இந்த ஐயத்தை நன்றியின்மை என்று சிலர் பழிக்கின்றனர். அது நன்றியின்மையன்று. உழைப்பவர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம் அது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம்மவர் பலர் வாழும் போர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியுமே போதும்.

மட்டாஞ்சேரியின் கடலோரத் தெருக்களில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பண்டகசாலைகளைக் கண்டவர்கள், அங்கே நடந்த வேறொரு வாணிகத்தையும் அறிய வேண்டும். கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்க ஒவ்வொரு நாளும் ஆட்கள் தேவைப்பட்டனர். விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் வந்து கூடுவர். ஒப்பந்தக்காரரின் ஆள் உயரமான இடத்தில் நின்றுகொண்டு, சாப்பா எனப்பட்ட உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவார். முண்டியடித்து அவற்றைப் பிடித்தவர்களுக்கு அன்று வேலை உண்டு. பிடிக்காதவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவர். ஒரு நாள் வேலைக்காக அண்டை வீட்டாரோடும் உறவினரோடும் மண்ணில் புரண்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இம்முறையை ஒழிக்க வேண்டும் என்று துறைமுகத் தொழிலாளர்கள் போராடினர். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, சைதலவி, ஆன்டனி ஆகிய மூவரை அப்போராட்டத்தின் தியாகிகளாக அவ்வூர் இன்றும் நினைவு கூர்கின்றது. கப்பல்துறைத் தொழிலாளர்களின் பெயர்களைப் பதிவு செய்து, முறை வைத்து வேலை வழங்க வேண்டும் என்னும் கருத்தோடு 1948-இல் இயற்றப்பட்ட சட்டம் கொச்சியில் நடைமுறைக்கு வந்த பிறகே சாப்பா மறைந்தது. கே. எம். சிதம்பரன் இவ்வரலாற்றைத் ‘துறமுகம்’ என்னும் மலையாள நாடகமாக எழுதினார். அதனைத் தழுவிய திரைப்படம் 2023-இல் வெளியாயிற்று.

சாப்பா வீசப்பட்ட காலத்தில் ஒரு தொழிலாளி ஒப்பந்தக்காரரின் ஆளிடம் தன் குறையைச் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் வில்லை அவன் நிற்கும் பக்கம் விழாது. அவனைத் தள்ளிவிட்டதாக எவரும் கூறவும் முடியாது. வில்லை வேறு திசையில் விழுந்தது என்று முடித்து விடுவார்கள். குறையைக் கேட்பவரும் வேலையைக் கொடுப்பவரும் ஒருவராகவே இருக்குமிடத்தில் வாய்மூடி இருப்பதே அறிவு என்று தொழிலாளி கற்றுக்கொண்டது இப்படித்தான்.

கடல் கடந்த நம் முன்னோர் கற்ற பாடம் வேறொன்று. இலங்கைத் தோட்டங்களில் கங்காணி தன் கீழுள்ள ஆட்களோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற விரும்பினால், துரையிடமிருந்து ஒரு சீட்டுப் பெற வேண்டும். அதற்குப் பெயர் துண்டு. இத்தனை ரூபாய்க் கடனைச் செலுத்தினால் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை அக்கடனைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் தொழிலாளியின் தலையில் ஏறிவிடும். உழைப்பவரை இருத்தி வைக்க அன்று கையாண்ட வழிகளுள் கடனும் ஒன்று. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்த இரண்டையும் எண்ணிப் பார்த்தால், “உம்மை இங்கே இருத்த என்ன செய்ய வேண்டும்?” என்னும் இக்காலக் கேள்வி எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். வில்லையை வீசியவர் கேட்கவில்லை. துண்டை எழுதியவரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். ஆதலின் அக்கேள்வியை முற்றாகப் புறக்கணித்தல் சரியன்று. ஆயினும் பழைய பாடத்தை மறந்து விடுதலும் சரியன்று.

தொழிலாளரிடம் கேட்டறியும் முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த ஹாதார்ன் என்னுமிடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்னும் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1928 முதல் 1930 வரை 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார்கள். தொடக்கத்தில், வெளிச்சம் போதுமா, மேற்பார்வையாளர் எப்படி என்று வரிசையாகக் கேள்விகள் கேட்டார்கள். தொழிலாளரோ கேட்டதை விட்டுத் தம் மனத்தில் இருந்ததையே பேச முற்பட்டனர். ஆதலின் 1929-இல் முறையை மாற்றி, அவர்களை விருப்பம்போல் பேச விட்டார்கள். அரை மணி நேரத்தில் முடிந்த பேச்சு ஒன்றரை மணி நேரம் நீண்டது.

அந்த முயற்சியிலிருந்து கிடைத்த செய்திகளுள் ஒன்று வியப்பானது. உணவுச்சாலையின் சமையலைப் பற்றி ஒரு பெண் குறை கூறினார். சில நாட்கள் கழித்துப் பேட்டி கண்டவரைச் சந்தித்தபோது, சமையல் திருந்திவிட்டதாகக் கூறி அவருக்கு நன்றி சொன்னார். உண்மையில் சமையலில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. மனக்குறையைப் பொறுமையாகக் கேட்பதற்கே இத்தனை ஆற்றல் உண்டு என்று அறிஞர்கள் இதனை எடுத்துக்காட்டுவர். எனக்கோ இதில் ஓர் எச்சரிக்கையும் தென்படுகிறது. கேட்டதனாலேயே மனம் ஆறிவிடுமானால், சமையலைத் திருத்தாமல் காதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட எந்த நிர்வாகத்துக்கும் ஆசை பிறக்கும்.

அதே தொழிற்சாலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆடவர் அடங்கிய ஒரு குழுவின் வேலையை உற்று நோக்கினார்கள். அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்குமேல் உழைக்காமல் இருந்தனர். மிகுதியாகச் செய்தால் கூலி விகிதத்தைக் குறைத்து விடுவார்கள், அல்லது ஆட்களைக் குறைத்து விடுவார்கள் என்னும் அச்சமே காரணம். ஆயிரக்கணக்கானோரிடம் அன்பாகப் பேசிய தொழிற்சாலைதான் அது. எனினும் ஐயம் அங்கே குடியிருந்தது. பெருமந்தம் வந்தபோது நேர்காணல்களும் நின்றன. பல்லாயிரவர் வேலையும் போயிற்று. பேட்டியில் கூறிய நல்ல சொற்கள் எவருடைய வேலையையும் காக்கவில்லை.

ஆகவே நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றே. தக்கவைப்பு நேர்காணல் ஓர் ஒப்பந்தமன்று, வாக்குறுதியும் அன்று. அது ஒரு வாய்ப்பு. அந்த அறையில் பேசப்படும் சொற்களைக் கொண்டு அதன் மதிப்பை அளக்க முடியாது. வெளியே வந்த பிறகு நடப்பதைக் கொண்டே அளக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டவர், அறைக்குள் அஞ்சவும் வேண்டியதில்லை, ஏமாறவும் வேண்டியதில்லை.

இனி, நேர்காணலை எவ்வாறு எதிர்கொள்வது என்று பார்ப்போம்.

முதலாவது, போகுமுன் சிலவற்றை அறிந்துகொள்ளுங்கள். எல்லாரையும் அழைக்கிறார்களா, உங்களை மட்டுமா? நீங்கள் கூறுவதை யார் எழுதி வைப்பார், யார் படிப்பார்? சென்ற ஆண்டும் இவ்வாறு கேட்டார்களா? அப்போது சொன்னவற்றில் ஏதேனும் நடந்ததா? இவற்றுள் முதலிரண்டையும் மேலாளரிடமே பணிவாகக் கேட்கலாம். நேர்மையான நோக்கம் உடையவர் இதற்குச் சினம் கொள்ள மாட்டார். மற்றவற்றுக்கு உங்களுக்கு முன்னே அங்கிருப்பவர்கள் விடை சொல்வார்கள்.

இரண்டாவது, மனத்திலுள்ளவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எவர் முன்னிலையிலும் சொல்லத் தக்கவை ஒரு பகுதி. வேலை நேரம், விடுமுறை, சம்பளம் வரும் நாள், தங்குமிடத்தின் வசதி, கருவிகளின் பழுது, கற்றுக்கொள்ள விரும்பும் புதிய வேலை ஆகியவை இதில் அடங்கும். கவனத்தோடு சொல்ல வேண்டியவை அடுத்த பகுதி. மேற்பார்வையாளர் ஒருவரின் நடத்தை இத்தகையது. “அவர் கொடியவர்” என்பதைவிட, “சென்ற மாதம் இன்ன நாளில் முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டை முறை வேலை கொடுத்தார்” என்பது மேலானது. முன்னது பகையாக முடியும். பின்னது விசாரிக்கத் தக்க செய்தியாக நிற்கும். மூன்றாம் பகுதி, சொல்லத் தேவையில்லாதவை. வீட்டுக் கடன், வேறிடத்திலிருந்து வந்த அழைப்பு, சங்க நடவடிக்கைகள், உடன் வேலை செய்வோரின் திட்டங்கள் ஆகியவற்றை எவரும் உங்களிடமிருந்து பெற உரிமையில்லை. அதிலும், பிறர் மனத்திலுள்ளதை நீங்கள் எடுத்துச் சொல்லவே கூடாது. நட்பாகக் கேட்பதுபோலக் கேட்டாலும், “அதை அவரிடமே கேட்டறிவது நல்லது” என்று கூறிவிடுங்கள்.

மூன்றாவது, “போய்விடுவேன்” என்று அச்சுறுத்தவும் வேண்டா, “என்றைக்கும் போகமாட்டேன்” என்று சத்தியம் செய்யவும் வேண்டா. போகத் துணியாதவன் விடும் அச்சுறுத்தல் ஒருமுறைக்கு மேல் செல்லாது. போகவே மாட்டேன் என்று சொன்னவனுக்கு எதையும் செய்ய வேண்டிய தேவை நிர்வாகத்துக்கு இராது. “இருக்கவே விரும்புகின்றேன். இன்னது நடந்தால் நிலையாக இருப்பது எளிதாகும்” என்னும் விடையே உண்மையும் பயனும் உடையது.

நான்காவது, நிர்வாகம் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். அதற்கு ஒரு நாளும் குறியுங்கள். இதனை விளக்க ஒரு கற்பனை உரையாடலைக் கூறுகின்றேன். போர்ட் கொச்சியில் ஒரு தங்கும் விடுதி. அங்கே தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர் பரிமாறும் வேலையில் இருக்கிறார். மறுநாள் அவருக்கு நேர்காணல். சமையற்கட்டில் மூத்தவரான திருநெல்வேலிக்காரரிடம் யோசனை கேட்கிறார்.

“அண்ணாச்சி, நாளைக்கு மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். என்ன சொல்லட்டும்?”

“உனக்கு என்னப்பா வேண்டும்? அதை முதலில் சொல்.”

“பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும், அண்ணாச்சி. மூன்று வருடமாகப் போகவில்லை. ஓணத்துக்குத்தான் விடுமுறை கிடைக்கிறது. ஓணத்துக்கு நம் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?”

“தை மாதம் வெளிநாட்டார் வருகிற காலம். வெறுமனே கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு கார்னிவல் வரையில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் நிற்கிறேன், ஓணத்தையும் விட்டுக் கொடுக்கிறேன், பொங்கலுக்கு நான்கு நாள் வேண்டும் என்று சொல். முடிவை நவம்பருக்குள் தெரிவித்தால் ரயிலுக்குச் சீட்டு வாங்க வசதி என்றும் சொல்.”

“சம்பளம் உயர்த்தச் சொல்லலாமா, அண்ணாச்சி?”

“சொல்லலாம். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பத்து வேண்டுகோள் வைக்காதே. பத்தில் ஒன்றைச் செய்துவிட்டு, கேட்டதைச் செய்துவிட்டோம் என்பார்கள்.”

அண்ணாச்சியின் யோசனையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கோரிக்கை சிறியது. நிர்வாகத்துக்கும் அதில் ஆதாயம் உண்டு. நிறைவேறியதா இல்லையா என்பது நவம்பர் கடைசியில் ஐயமறத் தெரிந்துவிடும். கேட்பவர் உண்மையாகவே கேட்கிறாரா என்பதைச் சோதிக்க இதனினும் நல்ல உரைகல் இல்லை. சிறியதைச் செய்தவரிடம் அடுத்த ஆண்டு பெரியதைப் பேசலாம். சிறியதைக்கூடச் செய்யாதவரிடம் அடுத்த முறை மரியாதையாக நான்கு சொற்கள் பேசிவிட்டு வந்தால் போதும்.

ஐந்தாவது, மொழி. அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இது தலையாயது. சந்தையில் பேசும் அளவுக்கு மலையாளமோ கன்னடமோ இந்தியோ வந்துவிட்டாலும், மனக்குறையைச் சொல்ல அம்மொழி போதாமற் போகலாம். தமிழில் பேச விரும்புவதாகக் கூறுவதில் இழுக்கில்லை. ஆனால் மொழிபெயர்க்க வருபவர் யார் என்று பாருங்கள். உங்களை அழைத்து வந்த மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ நடுவில் அமர்ந்தால், அவரைப் பற்றிய குறை எப்படி மேலே செல்லும்? வேறு பிரிவைச் சேர்ந்த தமிழர் ஒருவரைக் கேளுங்கள். அதற்கும் வழியில்லையாயின், சொல்ல வேண்டியதைச் சிறு சிறு வாக்கியங்களாக எழுதிக் கொடுத்து விடுங்கள்.

ஆறாவது, பேசி முடித்த அன்றே, கேட்டவற்றையும் சொன்னவற்றையும் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் சென்றபின், “அன்று பேசினோமே, அது என்னவாயிற்று?” என்று ஒருமுறை நினைவூட்டுங்கள். ஏதேனும் தாளில் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்த்த பின்பே இடுங்கள். இத்தனை ஆண்டு விலகமாட்டேன், விலகினால் இவ்வளவு பணம் செலுத்துவேன் என்பது போன்ற உறுதிமொழியாயின், வீட்டுக்கு எடுத்துச் சென்று விவரம் அறிந்தவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டா. கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதியைப் பிணையாகக் கேட்டால் கொடுக்க வேண்டா. அன்பாகக் கேட்டு இருத்துவது வேறு, தாளைப் பிடித்துக்கொண்டு இருத்துவது வேறு. பின்னது பழைய துண்டின் பேரப்பிள்ளை.

ஒன்றை இங்கே அழுத்திக் கூற வேண்டும். சம்பள நிலுவை, அடி உதை, பெண்களிடம் முறைகேடான நடத்தை, ஆபத்தான இயந்திரம் ஆகியவை தக்கவைப்பு நேர்காணலுக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. அவற்றுக்குச் சட்டம் தனி வழி வகுத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகத்தின் சார்பிலும் தொழிலாளர் சார்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் அமர்வார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடமாயினும், பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. வேலையை விட்டு விலகினாலும் விலக்கப்பட்டாலும், சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் கட்டளை. இவற்றை அறிந்தவருக்கு நேர்காணல் அறையில் பாதி அச்சம் தீர்ந்துவிடும். அங்கே பேசாமல் விட்டதால் எதையும் இழந்து விடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தனியே சொல்ல இயலாததைச் சேர்ந்து சொல்லலாம் என்பதும் தமிழகம் நாட்டுக்குக் காட்டிய வழியே. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் தனித்தனியே முறையிட்டுப் பயன் காணாமல், 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தனர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்று முயன்றனர். பி. பி. வாடியா தலைமை ஏற்றார். திரு. வி. கலியாணசுந்தரனார் உறுதுணையாக நின்றார். தனி நேர்காணல் சங்கத்துக்கு மாற்றாகாது. சங்கமும் நேர்காணலுக்கு எதிரியாகாது. உங்கள் ஒருவருக்கே உரிய தேவையை நேர்காணலில் கூறுங்கள். எல்லாருக்கும் பொதுவான குறையை எல்லாரும் சேர்ந்து கூறுங்கள்.

இதுவரை விடை கூறுவோருக்குச் சொன்னேன். கேட்போருக்கும் ஒரு சொல். பிற மாநிலங்களில் மேற்பார்வையாளராகவும் மேலாளராகவும் சிறு தொழிலின் உரிமையாளராகவும் உயர்ந்த தமிழர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் ஊழியர், “எல்லாம் நன்று” என்று சொன்னால் மகிழ்ந்து விடாதீர்கள். அச்சொல் உங்கள் மீதுள்ள நம்பிக்கைக்கு மட்டுமன்றி அச்சத்துக்கும் அடையாளமாக இருக்கலாம். அடுத்த முறை கேட்குமுன், சென்ற முறை சொன்னவற்றுள் செய்தது இது, செய்ய முடியாதது இது, முடியாமைக்குக் காரணம் இது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். முடியாது என்று காரணத்தோடு சொல்வதை எந்த ஊழியரும் பொறுத்துக்கொள்வார். சொன்னதைக் கேட்டுவிட்டு மறந்து போவதை எவரும் பொறுக்கமாட்டார். ஒருவர் விலகப் போகும் செய்தி தெரிந்த பிறகு அவரை மட்டும் அழைத்து அன்பு காட்டுவது, நோய் முற்றிய பின் வைத்தியரைத் தேடுவது போன்றதாகும்.

போர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைத்துறையை உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துவைத்துத் தேய்த்துத் தருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துவைகல் உண்டு. தொழிலுக்கு அவரவரே தலைவர். அவர்களிடம் வந்து, “இருக்கின்றீரா, போகின்றீரா?” என்று கேட்பவர் எவருமில்லை. தம் பெயரும் தம் கல்லும் தம்மைத் தேடி வரும் வாடிக்கைக்காரரும் இருக்குமிடத்தில் அவர்கள் நிலைத்து விட்டார்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரும் நாடுவது ஏறக்குறைய இதனையே. தம் பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டும், தமக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும், தம் சொல் காற்றோடு போகாமல் இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். இவை கிடைத்த இடத்தில், கேட்காமலே மனிதர் தங்குவர்.

அன்பர்களே, அடுத்த முறை உங்களை அந்த அறைக்கு அழைக்கும்போது, உங்கள் ஐயத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. அதனை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அது உங்கள் வாயை அடைக்க விடாதீர்கள். உண்மையான ஒரு குறையைத் தெளிவாகச் சொல்லுங்கள். நடக்கக்கூடிய ஒன்றை நாள் குறித்துக் கேளுங்கள். பிறகு பொறுத்திருந்து பாருங்கள். இருப்பதா போவதா என்னும் முடிவு அதன்பின் உங்கள் கையில் இருக்கிறது. சாப்பாவுக்குக் கையேந்தி நின்றவருக்கு அந்த உரிமை இருந்ததில்லை. அவர்கள் போராடிப் பெற்றுத் தந்த அதனை நாம் அச்சத்தாலோ அலட்சியத்தாலோ வீணாக்கலாகாது.